ஒன்றுக்குப் பதினாலு

மேனேஜர் மாரப்பனுக்கு இந்த உலகத்திலேயே பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. "மொதலாளி கடுங்கோவத்துல இருக்காரு." காலையில் ஒரு தடவையாவது அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குக் காப்பி தொண்டைக்குக் கீழே இறங்காது.

சங்ககிரி பைபாஸில் இருந்த வேலவன் ரோடுலைன்ஸுக்கு அறுபது லாரி. அத்தனையும் எழுநூறு குதிரைசக்தி. டிரைவர் கொட்டாவி விட்டால் சீட்டைக் குலுக்கி எழுப்பும். டோல்கேட்டோடு தானே பேசிக்கொள்ளும். எதிரே மாடு வந்தால் அது மாடுதான் என்று டிரைவருக்கு முன்னால் கண்டுபிடிக்கும். காலம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் கம்பெனிக்குள் ஒரு வழக்கம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முதலாளி டிரைவரோடு நேரில் பேசமாட்டார். டிரைவரும் முதலாளியோடு நேரில் பேசக் கூடாது. முதலாளி சென்னியப்பனின் அப்பா காலத்தில், "நேர்ல பேசுனா மருவாதி கெட்டுப்போயிரும்" என்று யாரோ கிளப்பிவிட, அது அப்படியே சட்டமாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் முதலாளி. வெளியே யார்டில் டிரைவர்கள். இரண்டுக்கும் நடுவே, கண்ணாடிக் கதவை ஒட்டிப் போட்ட மேஜையில், மாரப்பன்.

முதலாளி உள்ளே மேஜையைத் தட்டியபடி இன்டர்காமில் ஏதோ சொல்வார். மாரப்பன் உடனே எழுந்து நிற்பார். பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்குவார். கண்ணாடிக் கதவைப் பயபக்தியோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுப்பார்.

"டேய் அங்கமுத்து! மொதலாளி கடுங்கோவத்துல இருக்காரு. பொழுது சாயறதுக்குள்ள வண்டி யார்டுல நிக்கலீன்னா சாவியக் குடுத்துட்டு நடந்தே ஊருக்குப் போகச் சொல்லிட்டாரு. உனக்காக நான் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். கேக்கமாட்டேங்கறாரு."

அந்தப் பக்கத்தில் அங்கமுத்துவின் கால் ஆக்சிலேட்டரில் இடி மாதிரி இறங்கும். இந்தப் பக்கத்தில் மாரப்பன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்காருவார். கம்பெனி தன் தோளில்தான் நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வரும் ஆயுத பூஜையன்று அது ஊருக்கும் தெரியப்போகிறது. பொது மேலாளர் பதவி. முதலாளியிடம் போன மாதம் இதைப் பற்றி இழுத்தபோது அவர், "ம், யோசிக்கலாம்" என்றார். மாரப்பன் அதை வீட்டில் மனைவி பாப்பாத்தியிடம், "முடிவாகிருச்சு புள்ள" என்று சொன்னார். முதுகு உயரமான, சுழலும் நாற்காலி ஒன்றுக்கு ஈரோட்டில் சொல்லியும் வைத்தாயிற்று.

ஒரே ஒரு குறை, கிரவுன்.

எஞ்சினிலிருந்து நீண்டு வரும் தண்டு, பின்சக்கரத்தைச் சுழற்றுவதற்காகக் கடைசியாக ஒரு பெரிய பல்சக்கரத்தில் போய்ச் சேரும். அதைத்தான் லாரிக்காரர்கள் கிரவுன் என்பார்கள். வேலவன் ரோடுலைன்ஸில் அது வாரத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தோப்பூர் மலையில் ஒரு வண்டி, பாலக்காட்டு மேட்டில் ஒரு வண்டி என்று எங்காவது ஒன்று பல் உடைந்து நின்றது. லாரிதான் நவீனம், பல் எப்போதும் பல்தானே. கடைசியில் முதலாளி கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்ப, ஆடி முடிந்த வாரம் இன்ஜினியர் சுகந்தி வந்து இறங்கினாள். நாற்பது வயது, கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் 'மட்டு' என்று பெயர் வைத்த ஒரு கருவி.

மாரப்பன் விடுவாரா? தன் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து விசாரித்தார்.

"இது என்னம்மா பண்ணும்?"

"எஞ்சின் பவரைக் குறைக்கும் சார்."

"குறைக்கறதுக்கு எதுக்கு மிசினு? பழைய லாரியே வாங்கியிருப்போமே."

சுகந்தி சிரித்தாள். "முதல் கியர்ல எஞ்சின் ஒரு பங்கு முறுக்கினா, கியர் அதைப் பெருக்கிப் பதினாலு பங்காச் சக்கரத்துக்கு அனுப்புது. நின்ன வண்டி லோடோட கெளம்பணும், மேடேறணும், அதுக்கு அது வேணும். ஆனா எழுநூறு குதிரையும் ஒண்ணா முறுக்கி, அதையும் பதினாலாப் பெருக்கினா எந்தக் கிரவுன் தாங்கும்? அதனால சின்ன கியர்ல ஓடறப்ப, வண்டியில இருக்கற கம்ப்யூட்டர் எஞ்சினை ஒரு அளவுக்கு மேல முறுக்க விடாது. டாப் கியர்ல பெருக்கலே கெடையாது. அப்ப முழுசா அவுத்து விட்டுடும்."

"அப்ப எழுநூறு குதிரைன்னு சொல்லி வித்துப்போட்டு, கெளம்பறப்ப பாதியக் கட்டிப்போட்டு வெச்சிருக்கறீங்க."

"கட்டாம விட்டா எழுநூறும் சேந்து ரெக்கவரி வண்டில திரும்பி வரும் சார்."

மாரப்பனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பதில் சொல்கிற பெண்களையே அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "அதான் ஏற்கெனவே எல்லா வண்டிலயும் இருக்குதுல்ல? அப்படியும் ஏன் உடையுது?"

"அதுக்குத்தான் மட்டு. பழைய கம்ப்யூட்டருக்கு எஞ்சின்லருந்து சக்கரம் வரைக்கும்தான் உலகம். மட்டு எஞ்சினுக்கும் முன்னாடி போகும். கிரவுனை உடைச்ச விசை எங்கருந்து கெளம்புச்சுன்னு பின்னாடியே தேடிட்டுப் போகும். டிரைவர் கால் ஏன் திடீர்னு அப்படி மிதிச்சுது? அதுக்கு முன்னாடி கேபின்ல என்ன நடந்துச்சு? விசை பொறந்த எடம் தெரிஞ்சா, அந்த எடத்துலயே அளவாக் குறைச்சு அனுப்பும்."

'கேபின்ல என்ன நடந்துச்சு' என்றதும் மாரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவர்கள் கேபினுக்குள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம்.

"பேச்செல்லாம் கேக்குமா?"

"மட்டு கேக்கும். நீங்க கேக்க முடியாது."

இன்றைக்கு முடியாவிட்டால் என்ன, நாளைக்கு ஒரு வழி பிறக்காதா? "கம்பெனி போன் ஒண்ணு விடாம இதுல சேத்துருங்க. டிரைவர் போன், ஆபீஸ் போன், இன்டர்காம், எல்லாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ரோட்டு எரைச்சலை எடுத்துட்டுக் குரலைப் புதுசாக் கட்டி அனுப்பறது இப்பெல்லாம் கம்ப்யூட்டர்தான். மட்டுக்கு வேணும்னு பட்டா குரல்லயும் கை வெக்கும். வார்த்தைலயும் வெக்கும்."

"வெக்கட்டும்மா! டிரைவருங்க வாய்க்கும் ஒரு கடிவாளம் வேணும்."

முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டாமா என்று சுகந்தி கேட்டாள். "நான் சொன்னா அவரு சொன்ன மாதிரி" என்றார் மாரப்பன். அதில் இருந்த உண்மை அன்றைக்கு அவருக்கே தெரியாது.

மட்டு வேலையை ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நாள் எதுவும் மாறவில்லை. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு காலை, முதலாளி கண்ணாடிக்குள் மேஜையைத் தட்டுவது தெரிந்தது. மாரப்பன் எழுந்தார், பெல்ட்டை இறுக்கினார், இன்டர்காமை எடுத்தார்.

"மாரப்பா, சேலத்து வண்டி வந்துட்டா ஒரு வார்த்தை சொல்லுப்பா. அவசரமில்லை."

மாரப்பன் இன்டர்காமைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஆள்காட்டி விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உடம்புக்கு ஏதாவதோ? அதை நினைக்க நேரமில்லை. சேலத்து வண்டி ருக்குமணியுடையது. கம்பெனியின் ஆறு பெண் டிரைவர்களில் வாய் நீளமானவள்.

"ருக்குமணி! மொதலாளி கடுங்கோவத்துல இருக்காரு. வந்ததும் ஒரு வார்த்தை சொல்லோணுமாம். சொல்லலீன்னா..." அவசரமில்லை என்பதை எப்படி மிரட்டலாக மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "சொல்லலீன்னா நல்லா இருக்காது, ஆமா."

"சரிங்க, சொல்றனுங்க" என்றாள் ருக்குமணி. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் கிரவுன் ஒன்றுகூட உடையவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தோப்பூர் மலையில் வேலவன் வண்டிகள் மசக்கைக்காரி படியேறுவது போல நிதானமாக ஏறின. மேட்டை விட்டு இறங்கியதும் டாப் கியரில் எழுநூறு குதிரையும் அவிழ்த்துவிட்டதுபோலப் பறந்தன. டிரைவர்கள் கேபினில் பாட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவருக்கும் சுருதி இல்லை என்பதை டோல்கேட்டுக்காரர்கள் உறுதி செய்தார்கள். ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகள் மத்தியானத்தில் கிரிக்கெட் விளையாடினார்கள். கம்பெனியே சந்தோஷமாக இருந்தது.

மாரப்பன் மட்டும் இளைத்துப்போனார்.

அவருடைய கஷ்டம் யாருக்குப் புரியும்? முதலாளியின் கோபம்தான் அவருடைய மூலதனம். அது வற்றிவிட்டால் அவர் எதை எடுத்துப் பரிமாறுவது? கோபமில்லாத முதலாளிக்கு ஒரு பொது மேலாளர் எதற்கு? அதனால் உள்ளிருந்து குறைந்து வந்ததை அவர் தன் கையிலிருந்து போட்டு நிரப்பினார். முன்பு பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கியவர் இப்போது இரண்டு ஓட்டை இறுக்கினார். அவர் எவ்வளவுக்கெவ்வளவு ஏற்றிச் சொன்னாரோ, முதலாளியின் குரல் அவ்வளவுக்கவ்வளவு இறங்கி வந்தது. புரட்டாசி பிறந்தபோது அது எங்கே போய் நின்றது என்றால்...

கண்ணாடிக்குள் முதலாளி எழுந்து நின்று இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினார். மாரப்பனுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் எடுத்தார்.

"மாரப்பா," என்றது இன்டர்காம், தாலாட்டுப் பாடுவது போல. "அங்கமுத்து வெயில்ல வர்றானே. மோர் குடிச்சானா?"

மாரப்பன் அங்கமுத்துவைக் கூப்பிட்டார். தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷ அனுபவத்தையும் ஒன்றாகத் திரட்டினார்.

"டேய்! மொதலாளி... நீ மோர் குடிச்சியான்னு... கடுங்கோவமாக் கேக்கறாருடா!"

அந்தப் பக்கம் வண்டி ஒரு கியர் இறங்கியது.

"குடிச்சனுங்க மேனேஜரே. கோவம் தணியலீன்னா இன்னொரு டம்ளரும் குடிக்கறனுங்க."

சாயங்காலத்துக்குள் அது அறுபது கேபினுக்கும் போய்விட்டது. யார்டில் யாரைப் பார்த்தாலும், "மோர் குடிச்சியாடா?" என்று கண்ணை உருட்டி மிரட்டினார்கள். முதலாளி சாமியார் ஆகிவிட்டார் என்று ஒரு கட்சி. மேனேஜருக்குத்தான் காது போய்விட்டது என்று இன்னொரு கட்சி. மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

"உங்க மிசினு எங்க மொதலாளிய அமுக்குதும்மா! நாளைக்கே வந்து கழட்டுங்க."

சுகந்தி வந்தாள். கண்ணாடி அறைக்குள் முதலாளியும் மாரப்பனும் இருந்தார்கள். சென்னியப்பன் ஒல்லியான மனிதர், கூச்ச சுபாவம். எதிரில் ஆள் இருந்தால் மேஜையைப் பார்த்துத்தான் பேசுவார். சொல்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு தட்டுவார். காப்பி கேட்டாலும் அப்படித்தான்.

"மொதலாளியோட குரலையே கொறைக்குதுங்க இது" என்று மாரப்பன் வழக்கை ஆரம்பித்தார். "எவ்வளவு தைரியம் பாருங்க! சிங்கமா கர்ஜிச்ச மனுசனைப் பூனைக்குட்டியாக்கிப்போட்டுது."

"நான் எப்பப்பா கர்ஜிச்சேன்?" என்றார் முதலாளி, ஒரு தட்டுத் தட்டி.

சுகந்தி பெட்டியைத் திறந்தாள். "மட்டு தேடிட்டுப் போன பாதையைக் காட்டறேன் சார். ஒவ்வொரு தடவை கிரவுன் போனப்பவும் கொஞ்சம் முன்னாடி டிரைவர் கால் திடுக்குன்னு மிதிச்சிருக்கு. அதுக்கு முன்னாடி ஆபீஸ்லருந்து ஒரு போன். அதுக்கு முன்னாடி இந்த இன்டர்காம்ல உங்க குரல். விசை உங்ககிட்டருந்து கெளம்புது. அதனால உங்ககிட்டயே குறைக்குது."

"பாத்தீங்களா!" என்றார் மாரப்பன், வெற்றியோடு.

"ஆனா எஞ்சின் மேல தப்பில்லை" என்றாள் சுகந்தி. "எஞ்சினைக் குறைக்கறது எஞ்சின் முரடுங்கறதால இல்லை. நடுவுல இருக்கற கியர் எவ்வளவு பெருக்குதோ அதுக்குத் தக்கபடிதான் குறைக்கணும். உள்ள போனதையும் வெளிய வந்ததையும் ரெண்டையும் கேளுங்க."

மட்டு குறைக்க ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒரு பதிவை ஓடவிட்டாள். முதலில் முதலாளியின் குரல், நடுவே ஒரு தட்டு: "அங்கமுத்து சம்சாரத்துக்கு வலி எடுத்திருச்சாமே. லோடு கெடந்தாக் கெடக்குது, வண்டிய அங்கயே விட்டுட்டு ஊருக்குப் போகச் சொல்லு மாரப்பா."

அடுத்து மாரப்பனின் குரல்: "டேய், மொதலாளி கடுங்கோவத்துல இருக்காரு! ஊருக்குப் போறதுன்னா வண்டிய விட்டுட்டுப் போயிருன்னுட்டாரு. அப்புறம் உன் இஷ்டம்."

பெரிய கருணையையும் கிட்டத்தட்ட அதே வார்த்தையில் பெரிய கொடுமையாக்கிவிடலாம் என்பது அங்கே மூன்று பேருக்கும் புரிந்தது. அன்றைக்கு அங்கமுத்து ஊருக்குப் போகவில்லை. ஒரே மிதியாக மிதித்துக்கொண்டு யார்டுக்கு வந்தான். வழியில் தோப்பூரில் கிரவுன் போனது. மகள் பிறந்து ஒரு நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தான்.

"கீழ போறப்ப ஒண்ணுக்குப் பதினாலு" என்றாள் சுகந்தி. "சாருடைய விகிதம். கம்பெனியில இதான் அதிகம். எங்க முதல் கியரை விட ஒரு பங்குகூடக் குறைச்சல் இல்லை. மேல வர்றப்ப இதுவே தலைகீழ். டிரைவருங்க பதினாலு சொன்னா உங்களுக்கு ஒண்ணுதான் வந்து சேருது."

முதலாளி மேஜையைத் தட்டவில்லை. "அதனாலதான் இத்தனை வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா? நான் என்னமோ எல்லாரும் சௌரியமா இருக்காங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

மாரப்பன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த தன் மேஜையைப் பார்த்தார். தன்னை அவர் இத்தனை நாளும் ஒரு தோளாக நினைத்திருந்தார். ஈரோட்டில் சொல்லிவைத்த நாற்காலி, முதுகு உயரமாக, கண் முன்னால் சுழன்றுகொண்டே தூரப் போனது. "மொதலாளி, எஞ்சினைக் கொண்டுபோய் நேராச் சக்கரத்துல கட்டுனா வண்டி கெளம்புமுங்களா? நடுவுல ஒரு ஆள் வேண்டாமுங்களா?"

"வேணும்" என்று சுகந்தியே ஒத்துக்கொண்டாள். "ஆனா வாழ்க்கை பூரா முதல் கியர்லயே இருக்கணும்னு இல்லையே சார். டாப் கியர்னு ஒண்ணு இருக்கு. அதுல உள்ள வந்தது அப்படியே வெளிய போகும். ஒண்ணுக்கு ஒண்ணு. அப்பத்தான் வண்டி பறக்கும்."

"அப்ப டாப் கியர்ல கியர் பாக்ஸுக்கு வேலையே இல்லையா?" என்றார் மாரப்பன்.

"இல்லை சார்."

முதலாளி முதல்முறையாக மேஜையிலிருந்து கண்ணை எடுத்து மாரப்பனைப் பார்த்தார். "கம்பெனிலயே பெரிய பதவி, வேலையே இல்லை. பொது மேலாளருக்குச் சரியாத்தானப்பா இருக்குது? ஆயுத பூஜையன்னிக்கு எல்லார் முன்னாலயும் ஒண்ணுக்கு ஒண்ணு நின்னு காட்டு. நாற்காலி உனக்குத்தான்."

ஆயுத பூஜையன்று அறுபது லாரியும் குளித்து, சந்தனப் பொட்டு வைத்து, நெற்றியில் மாலையும் பக்கத்துக்கொரு வாழைக்கன்றுமாக வரிசை கட்டி நின்றன. நுழைவாயிலில் ஒரு பிளெக்ஸ். 'போக்குவரத்துப் புயல், யார்டின் விடிவெள்ளி, எங்கள் பொது மேலாளர் அண்ணன் மாரப்பன்.' இவண், பாசமிகு டிரைவர்கள். அந்தப் பாசத்தைப் பற்றி டிரைவர்களுக்கே அன்று காலையில்தான் தெரிந்தது. மூலையில் தபால்தலை அளவில் முதலாளியும் இருந்தார்.

மேடையில் மாரப்பன் தன் வாழ்க்கைக் குறிப்பைப் படமாகக் காட்டுவதற்கென்று ஒரு பெரிய எல்இடி திரையை வாடகைக்கு எடுத்திருந்தார். சுகந்தி அதில் மட்டுவை இணைத்துவிட்டாள். திரை முழுக்க ஒரு வட்டம், ஒன்றிலிருந்து பதினாலு வரை எண்கள், நடுவே சிவப்பு முள். "இன்னிக்குக் குறைக்காது சார். உள்ள போனது வெளிய எத்தனை பங்கா வருதுன்னு அளக்க மட்டும்தான் செய்யும்."

பூசணிக்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தடியில் நசுங்கின. பொரியும் கடலையும் வந்தன. மேடையின் ஒரு பக்கம் முதலாளி நாற்காலி, எதிரே டிரைவர்கள், நடுவில் மைக்கோடு மாரப்பன். பெல்ட்டுக்குக் கை போனது, முள் லேசாக ஆடியது, கையை எடுத்துவிட்டார்.

முதலாளி தணிந்த குரலில் அவரிடம் சொன்னார். மாரப்பன் மைக்கில் சொன்னார்: "இத்தனை நாள் என் பேச்சு உங்களுக்குச் சரியா வந்து சேரலை. இனிமே சரியா வரும். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தா மாரப்பன்கிட்டச் சொல்லுங்க. அவன் அப்படியே சொல்லுவான். முள் ஒண்ணுலயே நின்னாத்தான் அவனுக்கு நாற்காலி. இதையும் அவனே சொல்லோணும்." முள் ஒன்றிலேயே நின்றது.

யார்டு ஒரு நொடி யோசித்தது. பிறகு புரிந்துகொண்டது. அறுபது பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் பொங்கல் பொங்கியது.

முதலில் அங்கமுத்து வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக. "மேனேஜருங்களே, மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நம்ம மேனேஜரு வாயி கன்டெய்னர் கதவு மாதிரிங்க. தொறந்துட்டா மூடறதுக்கு ரெண்டு ஆளு வேணுமுங்க."

மாரப்பன் முதலாளி பக்கம் திரும்பினார். "மேனேஜர் வாயி கன்டெய்னர் கதவு மாதிரிங்களாம். தொறந்துட்டா மூடறதுக்கு ரெண்டு ஆளு வேணுமுங்களாம்."

முள் ஒன்று. விசில் பறந்தது.

அடுத்தது ருக்குமணி. "ஊட்டுல மாமியா, ரோட்டுல மேனேஜருன்னு நெனச்சிட்டிருந்தனுங்க. போன மாசம் மாமியா திருந்திட்டாங்க. இவருக்கு எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."

"மாமியா திருந்திட்டாங்களாம். நான் எப்பன்னு கேக்கறாங்க." ஒன்று.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பிளெக்ஸில் முகம் நன்றாக இருக்கிறதாம். அது யாருடைய முகம் என்று ஒருவர் கேட்டார். மலையேறும்போது போன் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் தன் வயிறு சுழல்கிறது என்றார் இன்னொருவர். அந்த மாதிரி இடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. மாரப்பனும் அதை அதே கனத்தோடு எடுத்துப்போய் முதலாளியிடம் வைத்தார். முதலாளி குறித்துக்கொண்டே இருந்தார். மாரப்பன் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனால் முள் நகரவில்லை. இந்த ஆளிடம் இவ்வளவு நேர்மை இருந்ததா என்று சுகந்தியே வாய் பிளந்தாள். ஓரத்தில் பாலித்தீன் உறை போட்டு வைத்திருந்த நாற்காலி ஒவ்வொரு வசவுக்கும் ஒரு அடி நெருங்கி வருவது போலிருந்தது.

கடைசியாக அங்கமுத்து திரும்ப வந்தான். வியர்த்து நிற்கிற மனிதரைப் பார்த்து அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க. எந்நேரத்துல கூப்புட்டாலும் மேனேஜரு போனை எடுத்துருவாருங்க. அதுல மட்டும் ஆளு பரவாயில்லீங்க."

மாரப்பன் அப்படியே நின்றார். முப்பது வருஷத்தில் யாரும் சொல்லாத ஒன்று. அவர் முதலாளி பக்கம் திரும்பினார். கண் கலங்கியது. வாய் திறந்தது.

"மொதலாளி! நம்ம மேனேஜரு சோறு தண்ணி பாக்காம, பொட்டுத் தூக்கமில்லாம, அறுபது குடும்பத்தையும் நெஞ்சுல சொமந்து காப்பாத்தற கொலதெய்வம்னு அங்கமுத்து சொல்றானுங்க!"

முள் ஒரே பாய்ச்சலில் பதினாலுக்குப் போய் முட்டி நின்றது.

யார்டு வெடித்தது. அறுபது லாரியின் ஹாரன்களும் ஒன்றாக அலறின. ருக்குமணி சிரித்துச் சிரித்து வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வசவையும் அப்படியே சுமந்த மனிதர் ஒரு சின்னப் பாராட்டின் எடை தாங்காமல் சறுக்கிவிட்டார். முதலாளி சென்னியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாரப்பன் காதில் ஏதோ சொன்னார்.

மாரப்பன் மைக்கைப் பிடித்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டார்.

"நாற்காலி இந்த வருசம் இல்லைன்னு சொல்றாரு."

அவ்வளவுதான் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முள் மெதுவாக இறங்கி ஒன்றில் வந்து நின்றது. அதற்குக் கிடைத்த கைதட்டல், நாற்காலி கிடைத்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

பூஜை முடிந்து மூன்றாம் வாரம் அங்கமுத்து மகளுக்குக் காதுகுத்து. விடுப்பு வேண்டும் என்று அவன் சொன்னதை மாரப்பன் சொன்னபடியே உள்ளே சொன்னார். முதலாளி, "நாமளும் போவமா?" என்றார். இரண்டு பேரும் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கெடா விருந்தைப் பற்றிக் காரில் பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

மறுநாள் அங்கமுத்து ஓசூர் ரோட்டில் டாப் கியரில் போய்க்கொண்டிருந்தான். மனசு நிறைந்திருந்தது. மாரப்பனைக் கூப்பிட்டான்.

"மேனேஜருங்களே, மொதலாளியக் கூட்டிட்டு நீங்க வந்ததுல எங்க சனமே அசந்துபோச்சுங்க. கம்பெனின்னா மிசினுன்னு நெனச்சேன், அதுலயும் ஒரு மனுசன் இருக்கறாருன்னு எம்பொண்டாட்டி சொல்றாளுங்க. நீங்க இல்லீன்னா இந்த யார்டு யார்டே இல்லீங்க."

மட்டு அதைக் கேட்டது. இது யாரிடம் போகிறது, அங்கே போனால் என்ன ஆகும் என்று பார்த்தது. பூஜையன்று முள் எங்கே போய் முட்டியது என்பது அதற்குத் தெரியும். தன் கடமையைச் செய்தது.

மாரப்பன் காதில் விழுந்தது இதுதான்: "நேத்து வந்தீங்க. சந்தோசமுங்க."

"சரிப்பா" என்று போனை வைத்தார். சந்தோசம் என்று சொன்னானே.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "அங்கமுத்து கூப்புட்டான் புள்ள. நாங்க போனதுல சந்தோசம்னான்." கைகால் கழுவி வந்தபோது, அவர்கள் சனமே அசந்துபோய்விட்டது. பாப்பாத்தி தட்டில் சோற்றைப் போட்டபோது, "கம்பெனின்னா மிசினுன்னு நெனச்சாளாம் அவன் பொண்டாட்டி. அதுலயும் ஒரு மனுசன் இருக்கறாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாம்." ரசத்துக்கு வந்தபோது, "நான் இல்லீன்னா இந்த யார்டு யார்டே இல்லைன்னுட்டான் புள்ள."

பாப்பாத்தி கரண்டியோடு நின்றாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனம். அவளுக்குத் தெரியாத விகிதமா?

"ஏனுங்க, அத்தனையுமா சொன்னான்?"

மாரப்பன் சோற்றைப் பிசைந்தார். காதோரம் சிவந்தது. தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, யாரும் முள்ளை வைத்து அளக்காதபோது, அவர் நேர்மையாக ஒத்துக்கொண்டார்.

"இல்ல புள்ள. சந்தோசம்னு மட்டுந்தான் சொன்னான். மிச்சமெல்லாம் நானாச் சேத்துக்கிட்டது."